பிஆர் ஃபைல் நடக்கும்போதே விசிட்டர் விசா: என் கனடா அனுபவம்

கல்யாணம் முடிந்துவிட்டது. கணவர் கனடாவில், நாம் ஊரில். மனைவியைத் தன்னோடு அழைத்துக்கொள்ள அவர் ஸ்பான்சர்ஷிப் போட்டு, கனடாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பிஆர் ஃபைலும் உள்ளே போயாயிற்று. முடிவு எப்போது வரும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியில் விசிட்டர் விசா எடுத்து ஒருமுறை போய்வரலாமா? அப்படிப் போட்டால் பிஆர் ஃபைல் கெட்டுவிடுமா? இந்த நிலைமையில் இருக்கிற எல்லாருக்கும் வருகிற கேள்விதான். எனக்கும் வந்தது. கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவை பயமுறுத்துகிற பதில்கள், பாதிக்கு மேல் தவறானவை. அதனால்தான் நான் கடந்து வந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

போடலாம். போடுவதால் மட்டும் பிஆர் ஃபைல் கெடாது. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 22(2) என்ற உட்பிரிவு இதை நேரடியாகவே சொல்கிறது. நிரந்தரமாகக் குடியேற ஒருவர் நினைக்கிறார் என்பது, அவருக்குத் தற்காலிக விசா தருவதற்குத் தடை இல்லை. கொடுத்த காலம் முடியும்போது அவர் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும், அவ்வளவுதான். இதைத்தான் டூயல் இன்டென்ட் என்கிறார்கள். முதல் பாதியைச் சட்டமே நமக்குக் கொடுத்துவிட்டது. இரண்டாவது பாதியை நாம்தான் காகிதத்தில் காட்ட வேண்டும். அங்கேதான் நிறையப் பேருக்கு விசா கைநழுவுகிறது.

முதலில் திருச்சியிலேயே ஒரு ஏஜென்டைப் போய்ப் பார்த்தோம். ஃபைலைப் புரட்டியவர், “மேடம், பிஆர் போட்டிருக்கிற விஷயத்தை ஃபார்ம்ல காட்டவே வேண்டாம். ஹஸ்பண்ட் அங்க இருக்கார்னும் சொல்ல வேண்டாம். யாராவது கஸின் இருந்தா ஒரு இன்விடேஷன் லெட்டர் வாங்குங்க. போய் இறங்கிட்டா அப்புறம் யாரு கேட்கப் போறாங்க?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அவ்வளவு தன்னம்பிக்கையோடு பேசினார் அவர்.

அந்த யோசனை எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லாமல் இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஸ்பான்சர்ஷிப் போட்டதுமே நம் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கணவர் விவரம் எல்லாம் குடிவரவுத் துறையின் கணினியில் ஏறிவிடுகிறது. நமக்கென்று யுசிஐ என்ற அடையாள எண்ணும் வந்துவிடுகிறது. விசிட்டர் விசாவைப் பார்க்கிற அதிகாரியும் அதே கணினியைத்தான் பார்க்கிறார். விசிட்டர் விசாவுக்கான ஐஎம்எம் 5257 ஃபார்மில் திருமணமானவரா, கணவர் பெயர் என்ன, இதற்கு முன் கனடாவுக்கு வர விண்ணப்பித்ததுண்டா, எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். அங்கே பொய் சொன்னால் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் போய் மாட்டுவோம். தவறான தகவல் தந்ததாக முடிவானால் 5 ஆண்டுகளுக்கு கனடாவுக்குள் நுழையத் தடை. அந்த 5 ஆண்டுகளும் பிஆருக்கும் விண்ணப்பிக்க முடியாது. சில வாரம் சேர்ந்து இருப்பதற்காகப் போடுகிற விசா, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழப் போட்டிருக்கிற ஃபைலையே கவிழ்த்துவிடும். ஏஜென்டுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. கையெழுத்து நம்முடையது.

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் என் கணவர் குடியிருந்த பேஸ்மென்ட் வீட்டின் சொந்தக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வாரம் வீடியோ காலில் அவரும் வந்தார். “பிள்ளை, நாங்கள் எத்தினை ஃபோர்ம் நிரப்பியிருப்பம். ஒண்டையும் மறைக்காதேங்கோ. உள்ளதை அப்பிடியே எழுதுங்கோ, மிச்சத்தை அவங்கள் பாக்கட்டும்,” என்றார். தன் சொந்தபந்தத்துக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். அந்த ஏஜென்டின் பேச்சை விட எனக்கு அது பெரிதாகத் தெரிந்தது. நாங்களே நிரப்புவது என்று முடிவு செய்தோம்.

இதில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. பிஆர் ஃபைலும் விசிட்டர் ஃபைலும் கேட்கிற கேள்விகள் நேரெதிரானவை. பிஆர் ஃபைல் கேட்பது: உங்கள் திருமணம் உண்மையானதா? அதற்குக் கல்யாண போட்டோ, இருவரும் பேசிய வாட்ஸ்அப் பதிவுகள், அவர் அனுப்பிய பணம், மாமியார் வீட்டில் எடுத்த படங்கள் என்று எவ்வளவு கொடுத்தாலும் நல்லது. விசிட்டர் ஃபைல் கேட்பது ஒன்றே ஒன்று: சொன்ன தேதியில் திரும்பிப் போவீர்களா? கணவரைப் பிரிந்து எவ்வளவு தவிக்கிறேன் என்று அங்கே பக்கம் பக்கமாக எழுதினால், இவர் போனால் திரும்ப மாட்டார் என்பதற்கு நாமே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிஆர் ஃபைலில் நம் பலமாக இருக்கிற அதே காகிதம் இங்கே நமக்கு எதிராக நிற்கும். அதற்காகக் கணவரை மறைக்கச் சொல்லவில்லை. திருமணச் சான்றிதழ் ஒன்று, ஸ்பான்சர்ஷிப் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று குடிவரவுத் துறை தருகிற ஏஓஆர் கடிதம் ஒன்று வைத்தால் அந்தப் பக்கம் முடிந்தது. மீதி இடமெல்லாம் நம் ஊரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

எங்கள் முதல் விண்ணப்பம் ரிஃப்யூஸ் ஆனது. மறுப்புக் கடிதம் எல்லாருக்கும் ஒரே அச்சில் வருவதுதான். குடிவரவு விதிகளின் 179(b) பத்தியின்படி, தங்கும் காலம் முடிந்ததும் வெளியேறுவீர்கள் என்று திருப்தி ஏற்படவில்லை. கனடாவில் உங்களுக்கு நெருங்கிய குடும்ப உறவு இருக்கிறது. நீங்கள் சொன்ன பயண நோக்கம் தற்காலிகத் தங்கலோடு ஒத்துப்போகவில்லை. இப்படி ரெண்டு மூன்று வரி. படித்த இரவு சாப்பாடு இறங்கவில்லை. கணவர் கனடாவில் இருப்பதுதான் காரணமென்றால், அதை நான் எப்படி மாற்றுவேன்?

அந்தக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாளே திரும்ப அப்ளை செய்கிறவர்கள் உண்டு. அதனால் பயன் இல்லை. உள்ளே அதிகாரி தன் கைப்பட என்ன எழுதினார் என்பதுதான் முக்கியம். அதற்கு ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்று பெயர். கனடாவின் தகவல் அறியும் சட்டத்தில் 5 டாலர் கட்டி வாங்கலாம். கனடாவில் இருக்கிறவரோ, குடியுரிமை அல்லது பிஆர் உள்ளவரோ கேட்க வேண்டும். நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப, என் கணவர் கேட்டு வாங்கினார். 2025 ஜூலைக் கடைசியிலிருந்து விசிட்டர் விசா போன்ற சிலவற்றுக்கு மறுப்புக் கடிதத்தோடே அதிகாரியின் குறிப்பையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அது இல்லை, காத்திருந்துதான் வாங்கினோம்.

வந்த குறிப்பு நாலைந்து வரிதான். கணவர் கனடாவில், பிஆர் விண்ணப்பம் நிலுவையில். தனியார் கல்லூரியில் வேலை செய்வதாகச் சொல்கிறார். விடுப்பு எதுவரை, திரும்ப எப்போது சேர வேண்டும் என்பது தெளிவாக இல்லை. பிஆர் முடிவு அதற்குள் வராவிட்டால் என்ன செய்வார் என்று எதுவும் சொல்லவில்லை. இந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிஆர் போட்டதை அதிகாரி குற்றமாகப் பார்க்கவே இல்லை. பிஆர் தாமதமானால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதை எழுத்தில் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

டூயல் இன்டென்ட் விண்ணப்பங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தந்திருக்கிற வழிகாட்டுதல், கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் இணையதளத்திலேயே எல்லாரும் படிக்கும்படி இருக்கிறது. எவ்வளவு காலம் தங்கப் போகிறார், செலவுக்கு என்ன வழி, சொந்த நாட்டில் என்ன பொறுப்புகள் இருக்கின்றன, எதற்காகப் போகிறார், கொடுத்த ஆவணங்கள் நம்பும்படி இருக்கின்றனவா, முன்பு போன இடங்களில் விதியை மதித்து நடந்தாரா என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. எந்த ஏஜென்டும் எனக்கு இதைக் காட்டவில்லை. நாங்கள் அதைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் நம்மிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று பென்சிலால் எழுதினோம். அவருக்கு வேலை முடிந்த இரவு, எனக்கு விடிகாலை. இப்படியே பல நாள் வீடியோ காலில் உட்கார்ந்து செய்தோம்.

என் விஷயத்தில் கனமான காகிதம் என்றால் கல்லூரிக் கடிதம்தான். பொதுவாக ஆபீஸில் ஒரு என்ஓசி கொடுப்பார்கள்: “இவர் இங்கே பணிபுரிகிறார், வெளிநாடு செல்ல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.” இந்த ஒரு வரி யாருக்கும் எதையும் நிரூபிக்காது. முதல்வரிடம் போய் நிலைமையை எடுத்துச் சொன்னேன். லெட்டர்ஹெட்டில் அவர் எழுதித் தந்த கடிதத்தில் நான் சேர்ந்த ஆண்டு, பதவி, மாதச் சம்பளம், கோடை விடுமுறைக்குள் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, ஜூனில் கல்லூரி திறக்கும்போது நான் எடுக்க வேண்டிய பாடங்கள், வராவிட்டால் வகுப்பு யாரிடம் போகும் என்பதெல்லாம் இருந்தன. கூடவே அந்த செமஸ்டரின் டைம்டேபிளை, என் பெயர் வருகிற கட்டங்களை மார்க் செய்து வைத்தேன். மூன்று மாதச் சம்பள ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் வந்து விழுகிற வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட். கடிதம் சொல்வதை ஸ்டேட்மென்ட் உறுதி செய்ய வேண்டும், ஸ்டேட்மென்ட் சொல்வதை வரித் தாக்கல் உறுதி செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் யாரோ ஐந்து லட்சம் போட்டுப் பெரிதாகக் காட்டுகிற கணக்கை விட, மாதாமாதம் சம்பளம் வந்து செலவாகிற சாதாரணக் கணக்கு நம்பும்படி இருக்கும்.

நிலப் பத்திரம், வீட்டு மதிப்பீடு, நகை மதிப்பீடு என்று ஆடிட்டரிடமும் இன்ஜினியரிடமும் போய் நெட்வொர்த் சர்டிஃபிகேட் வாங்கி அடுக்குகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அப்பா பெயரில் இருக்கிற காணிநிலம் என்னை எப்படி ஜூனில் ஊருக்கு இழுத்து வரும்? அதிகாரியும் அதைத்தானே யோசிப்பார். என் பெயரில் இருந்ததை மட்டும் வைத்தேன். அதற்கு ஒரே ஒரு பக்கம் போதுமாக இருந்தது.

கவர் லெட்டரை ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக விடவில்லை. முதல் பத்தியிலேயே எதையும் மறைக்காமல் எழுதினேன்: என் கணவர் கனடாவின் நிரந்தரவாசி, அவர் என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறார், விண்ணப்ப எண் இது, யுசிஐ இது. குடும்ப வகை ஃபைல்களின் எண் எஃப் எழுத்தில் தொடங்கும். அதை விசிட்டர் விண்ணப்பத்தில் குறிப்பிடுவது நல்லது. 2023 மே மாதம் கனடா அரசு, கணவன் மனைவி ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர்களின் விசிட்டர் விசாக்களை விரைவாகப் பார்க்கப் போவதாகவும், பெரும்பாலானவற்றை 30 நாளில் முடிக்க முயல்வதாகவும் அறிவித்தது. நாம் அந்த வகை என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே அதன் பலன் நமக்குக் கிடைக்கும். மறைக்கச் சொன்ன ஏஜென்ட் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த வாய்ப்பும் போயிருக்கும்.

அடுத்த பத்தியில் முந்தைய மறுப்பைச் சொல்லி, அதில் அதிகாரி கேட்டவற்றுக்கு இப்போது என்னென்ன இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன். அதற்கடுத்து நான் மிக யோசித்து எழுதிய வரிகள்: “என் பிஆர் விண்ணப்பம் இந்தப் பயணத்துக்குள் முடியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரியும். முடியாவிட்டாலும் இந்தத் தேதியில் இந்தியா திரும்பி, என் வேலையில் சேர்ந்து, முடிவுக்காக இங்கிருந்தே காத்திருப்பேன். விசா விதியை மீறினால் என் பிஆர் விண்ணப்பமே பாதிக்கப்படும் என்பதை அறிவேன்; அப்படி மீற எனக்கு எந்தக் காரணமும் இல்லை.” இந்தக் கடைசி வாதம்தான் டூயல் இன்டென்டில் நம் பக்கம் இருக்கிற உண்மையான பலம் என்று நினைக்கிறேன். முறையான வழியில் பிஆர் போட்டிருக்கிறவர், குறுக்கு வழியில் தங்கி அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். இதைச் சொல்ல வெட்கப்படவே கூடாது.

செலவுக்கு அவருடைய வேலைக் கடிதம், பே ஸ்டப், கனடா வருமான வரித் துறை தருகிற நோட்டீஸ் ஆஃப் அசெஸ்மென்ட், வாடகை ஒப்பந்தம். வீட்டுக்காரம்மாவும் தன் பங்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிஆர் ஃபார்மில் கடந்த 10 ஆண்டுகளுக்கான வேலை, படிப்பு, முகவரி எல்லாம் எழுதியிருப்போம். விசிட்டர் ஃபார்மிலும் 10 ஆண்டு வேலை விவரம் கேட்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். ஒரு ஃபார்மில் 2018 ஜூன், இன்னொன்றில் 2018 ஆகஸ்ட் என்றிருந்தால் நமக்கு அது சின்ன விஷயம். படிக்கிறவருக்கு எது உண்மை என்ற சந்தேகம் வந்துவிடும்.

கட்டணம் 100 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85 டாலர். ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டுக்குச் செல்லும் என்பதால் இரண்டாவது முறை அந்த 85 கட்ட வேண்டி வரவில்லை. அதற்காக முதல் தடவை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை போய்வந்ததோடு சரி. இந்த முறை விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது.

பெட்டி கட்டுகிற அன்று வீட்டில் பெரிய வாக்குவாதம். அம்மா இட்லித் தட்டு, இரும்புத் தோசைக்கல், குத்துவிளக்கு, பட்டுப்புடவைகள், அப்புறம் மகள் குடித்தனத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த பித்தளை சாமான்கள் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார். “எப்படியும் போகப்போறதுதானே கண்ணு, ரெண்டு ரெண்டா கொண்டு போயிட்டா நல்லதுதானே?” என்றார். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஆறு வாரம் போகிறவள் பெட்டியில் ஆறு வாரத்துத் துணிதான் இருக்க வேண்டும். ஏர்போர்ட்டில் எல்லைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க அதிகாரம் உண்டு. குடித்தன சாமானும், படிப்புச் சான்றிதழ்களும், பத்து காப்பி ரெஸ்யூமேவும் இருந்தால் வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது. விசா இருந்தாலும் உள்ளே விடுவதா, எத்தனை நாளுக்கு என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான்.

டொரன்டோ பியர்சன் ஏர்போர்ட்டில் கேட்டவை சாதாரணக் கேள்விகள். யாரைப் பார்க்க வந்தீர்கள், அவர் என்ன வேலை செய்கிறார், எப்போது திரும்புகிறீர்கள். “கணவரைப் பார்க்க. ஸ்பான்சர்ஷிப் ஃபைல் நடக்கிறது. ஜூனில் கல்லூரி திறக்கும், அதற்குள் திரும்புகிறேன்,” என்றேன். ரிட்டர்ன் டிக்கெட்டையும் கல்லூரிக் கடிதத்தையும் கைப்பையிலேயே வைத்திருந்தேன். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்தார். ஸ்டாம்பின் மேல் தேதி எதுவும் எழுதாவிட்டால் நுழைந்த நாளிலிருந்து 6 மாதம் தங்க அனுமதி என்று பொருள். தேதி எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதிதான் கெடு.

சொன்னபடியே ஜூனில் திரும்பி வந்து கல்லூரியில் சேர்ந்தேன். பிஆர் அதற்குள் வரவில்லை. திரும்பி வருவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுத ஆரம்பித்தால் அதுவே ஒரு கட்டுரை ஆகிவிடும். ஆனாலும் வந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால் தெரிந்தது. சொன்ன தேதியில் திரும்பினவள் என்பதற்கு இப்போது என் பாஸ்போர்ட்டிலேயே ஆதாரம். அந்தக் கல்வியாண்டு முடிந்து, முறைப்படி வேலையை விட்டுவிட்டு, அதே விசாவில் இரண்டாம் முறை போனபோது, பிஆர் முடிவுக்காகச் சட்டப்படி தங்க முடிகிற வரை தங்கப் போகிறேன், முடியாவிட்டால் திரும்புவேன் என்று அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். முந்தைய பயணத் தேதிகளைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

இந்தக் கட்டத்தில் பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிற விசா நாட்டுக்குள் வருவதற்கு. எத்தனை நாள் இருக்கலாம் என்பது வேறு கணக்கு. விசா இன்னும் பல ஆண்டு செல்லுபடியாகும் என்றாலும் ஆறு மாதம் முடிந்தால் முடிந்ததுதான். அதற்கு மேல் இருக்க, கெடு முடிவதற்குள் ஆன்லைனில் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். 30 நாளுக்கு முன்பே போடச் சொல்கிறார்கள், கட்டணம் 100 டாலர். நேரத்துக்குப் போட்டுவிட்டால், முடிவு வர எவ்வளவு தாமதமானாலும் அதுவரை உள்ளே இருப்பது சட்டப்படிதான். கெடு தவறிவிட்டாலும் 90 நாளுக்குள் ரெஸ்டோரேஷன், அதாவது இழந்த அனுமதியைத் திரும்பத் தரும்படி, கேட்க வழி இருக்கிறது. பிஆர் ஃபைல் நடக்கிற நேரத்தில் அந்த நிலைமைக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு மாதம் முன்பே அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

2023 மே அறிவிப்பில் எனக்கு மிகவும் உதவியது ஓப்பன் வொர்க் பெர்மிட், அதாவது ஒரே முதலாளியோடு கட்டுப்படாத வேலை அனுமதி, பற்றிய மாற்றம். கனடாவுக்குள் சட்டப்படி தங்கியிருந்து, ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் வசித்து, பிஆர் ஃபைலுக்கு ஏஓஆர் வந்திருந்தால், வெளிநாட்டிலிருந்து போட்ட ஃபைலாக இருந்தாலும் வொர்க் பெர்மிட் கேட்கலாம் என்று விரித்தார்கள். கட்டணம் 255 டாலர். அது கையில் வரும்வரை ஒரு மணி நேர வேலைகூடச் செய்யக்கூடாது. தெரிந்த கடையில் கேஷ் வேலை இருக்கிறது, போகலாமே என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். மாட்டினால் அவர்கள் வந்து பதில் சொல்லப் போவதில்லை. விசிட்டராக இருக்கும்போது ஒன்டாரியோவின் ஓஹிப் மருத்துவக் காப்பீடும் கிடையாது. டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

ஸ்பான்சர்ஷிப்பில் கனடாவுக்குள் சேர்ந்து வாழ்கிற துணைக்கு உள்நாட்டு வகை, வெளியிலிருந்து போடுவதற்கு வெளிநாட்டு வகை என்று இரண்டு உண்டு. கனடாவுக்குள் இருப்பதால் ஃபைலை உள்நாட்டு வகைக்கு மாற்றிவிடலாமா என்று எங்களிடம் நிறையப் பேர் கேட்டார்கள். நாங்கள் மாற்றவில்லை. உள்நாட்டு வகையில் போட்டு மறுத்தால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. வெளிநாட்டு வகையில் ஸ்பான்சருக்கு அந்த உரிமை உண்டு. உள்நாட்டு வகையில் இருக்கும்போது அவசரத்துக்கு ஊருக்கு வந்து, திரும்ப உள்ளே போக முடியாமல் போனால் ஃபைலே ஆட்டம் காணும். அப்பா அம்மா வயதானவர்கள், எந்த நேரமும் ஊருக்கு ஓடவேண்டி வரலாம் என்கிற நம்மைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டு வகைதான் நிம்மதி. அந்த ஃபைல் போட்டுவிட்டு விசிட்டராகக் கனடாவில் இருப்பதில் தவறே இல்லை.

விசிட்டராக உள்ளே வந்ததுமே ஐஆர்சிசி வெப்ஃபார்ம் வழியாக பிஆர் ஃபைலுக்குப் புது முகவரியைத் தெரிவித்தோம், நீட்டிப்பு வந்ததும் அதையும் தெரிவித்தோம். இதை விட்டுவிட்டால் மெடிக்கல் பண்ணச் சொல்லியோ, பாஸ்போர்ட் கேட்டோ வருகிற தகவல் ஊர் முகவரிக் கணக்கிலேயே நடந்துகொண்டிருக்கும். மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோருக்கு இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. பெற்றோர் ஸ்பான்சர்ஷிப்புக்கு விருப்பப் படிவம் 2020-இல் வாங்கியதோடு நின்று, பிறகு அந்தக் குவியலிலிருந்தே ஆண்டுக்காண்டு அழைப்பு அனுப்பி வந்தார்கள். அப்படிக் காத்திருப்பவர்களுக்கு சூப்பர் விசா இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரு வருகைக்கு 5 ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது 1,00,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு, அழைக்கிற பிள்ளைக்கு நிர்ணயித்த வருமானம், பெற்றோருக்கு மெடிக்கல் ஆகியவை வேண்டும். இங்கேயும் ஸ்பான்சர்ஷிப் போட்டிருந்தால் மறைக்கக் கூடாது. திறமையான தொழிலாளர்களுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிஆர் போட்டுவிட்டு வொர்க் பெர்மிட் முடியப் போகிறவர்களுக்கு பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட் என்று தனியாக இருக்கிறது. முன்பு எல்லைக்குப் போய் அமெரிக்கா பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அன்றே பெர்மிட் வாங்குகிற வழக்கம் இருந்தது. 2024 டிசம்பர் 23 முதல் வேலை, படிப்பு அனுமதிகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் இப்போது ஆன்லைனில் முன்கூட்டியே போடுவதுதான் வழி.

எனக்கு முடிவு வந்தபோது நான் ஸ்கார்பரோவிலேயே இருந்தேன். கனடாவுக்குள் இருக்கிறீர்களா என்று மெயிலில் கேட்டார்கள். ஆமாம் என்றதும் போர்ட்டல் வழியாகப் படம் கேட்டு, பிஆர் ஆனதை உறுதிப்படுத்தும் ஆவணத்தையும் ஆன்லைனிலேயே கொடுத்துவிட்டார்கள். எல்லைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பிஆர் அட்டை தபாலில் வரும். அது வருவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டால், பழைய விசிட்டர் விசாவைக் காட்டித் திரும்ப வரலாம் என்று எண்ண வேண்டாம். நிரந்தரவாசி ஆன பிறகு அது உதவாது. இந்தியாவிலிருந்தே பிஆர் பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகுதான் விமானம் ஏற முடியும். தவிர்க்க முடியாத பயணம் என்றால் அதற்கான நாட்களையும் சேர்த்தே டிக்கெட் போடுங்கள்.